கேத்தாச்சௌ ஹைலே: தோல் சுவடிகளின் நடுவே ஒரு வாழ்க்கை

கேள்வி இதுதான்: எத்தியோப்பியச் சுவடிகளையும் எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் திருச்சபை மரபையும் ஆழமாகப் படித்த அறிஞர் ஒருவரின் வாழ்க்கையையும் பணியையும் விரிவாகச் சொல்ல முடியுமா? இந்த இரண்டையும் ஏன் எப்போதும் சேர்த்தே பேசுகிறார்கள்?

இப்படிக் கேட்டால் பலரும் ஐரோப்பியர்களின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டின் யோப் லூடோல்ஃப், 19ஆம் நூற்றாண்டின் ஆகுஸ்ட் டில்மன். இருவரும் பெரிய அறிஞர்கள். பழைய எத்தியோப்பிய மொழியான கீஸுக்கு டில்மன் 1865இல் வெளியிட்ட அகராதியைப் புரட்டாமல் இன்றும் இந்தத் துறையில் யாரும் வேலை செய்ய முடியாது. ஆனால் என்னைக் கேட்டால் கேத்தாச்சௌ ஹைலே என்ற எத்தியோப்பியரைத்தான் சொல்வேன். அதற்குக் காரணம் உண்டு.

லூடோல்ஃபுக்கு எத்தியோப்பிய மொழியை ஒழுங்காகக் கற்றுக் கொடுத்தவர் ஓர் எத்தியோப்பியத் துறவி. அப்பா கொர்கோரியோஸ் என்று பெயர். 1649இல் ரோம் நகரில் இருவரும் சந்தித்தார்கள். 1652இல் அந்தத் துறவி ஜெர்மனியின் கோத்தா அரண்மனைக்கே போய்த் தங்கி, லூடோல்ஃப் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். ஊர் திரும்பும் வழியில் 1658இல் கப்பல் உடைந்து கடலில் இறந்துபோனார். லூடோல்ஃப் நன்றி மறக்காதவர்; தன் நூலில் ஆசிரியரின் உருவப்படத்தையே அச்சிட்டார். இருந்தாலும் அட்டையில் இருந்த பெயர் லூடோல்ஃபுடையதுதான். அதற்குப் பிறகு 300 ஆண்டுகள் கிட்டத்தட்ட இப்படியே போயின. ஊர்க்காரர் சொல்லிக் கொடுப்பார், வெளியூர்க்காரர் எழுதுவார். கேத்தாச்சௌவின் தலைமுறையில்தான் இது மாறத் தொடங்கியது. கோயில் பள்ளியின் மனப்பாடப் படிப்பையும் ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் மொழியியல் பயிற்சியையும் ஒரே மூளையில் வைத்துக்கொண்டு, தன் மக்களின் சுவடிகளைத் தன் பெயரிலேயே பதிப்பித்தவர் அவர்.

பெயரைப் பற்றி ஒரு சின்ன விஷயம். ஹைலே என்பது குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் பெயர். எத்தியோப்பியர்களும் நம்மைப் போலத்தான். தன் பெயர், அதோடு அப்பா பெயர், அவ்வளவுதான். அதனால் முறைப்படி அவரைக் கேத்தாச்சௌ என்றுதான் குறிப்பிட வேண்டும். ‘பேராசிரியர் ஹைலே’ என்று எழுதினால் அது அவருடைய அப்பாவைச் சொன்னதாக ஆகிவிடும்.

சரி, இப்போது இரண்டாவது கேள்வி. எத்தியோப்பியம், காப்டிக் இரண்டும் நெருங்கிய சொந்தமுள்ள மொழிகள் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கீஸ் என்ற பழைய எத்தியோப்பிய மொழி அரபு, எபிரேயம் சார்ந்த செமிட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. காப்டிக் என்பது பிரமிடு கட்டியவர்கள் பேசிய எகிப்திய மொழியின் கடைசி வடிவம். கிரேக்க எழுத்துகளோடு பழைய எகிப்திய எழுத்துகள் சிலவற்றைச் சேர்த்து எழுதப்பட்டது. தூரத்து உறவு உண்டு, அவ்வளவுதான். இரண்டையும் இறுக்கமாகக் கட்டிப் போட்டது திருச்சபை.

4ஆம் நூற்றாண்டில் தீர் நகரத்தைச் சேர்ந்த ஃப்ருமென்தியுஸ், எதேசியுஸ் என்ற இரண்டு சிறுவர்கள் செங்கடல் கரையில் கப்பல் தாக்கப்பட்டபோது உயிர் தப்பி, பழைய எத்தியோப்பிய அரசான அக்சுமின் அரசனுடைய அரண்மனையில் வளர்ந்தார்கள். இந்தக் கதையை எழுதிவைத்த ருஃபினுஸ், சம்பவம் நடந்த இடத்தை ‘இந்தியா’ என்கிறார். அன்று மத்தியதரைக்கடல் எழுத்தாளர்களுக்குச் செங்கடலுக்கு அப்பால் இருந்த பல ஊர்கள் இந்தியாதான். அதைப் படித்துவிட்டு நம் பக்கத்துக் கதை என்று எண்ணிவிடக் கூடாது. ஃப்ருமென்தியுஸ் பெரியவனானதும் அலெக்சாந்திரியா போய், தலைமை ஆயர் அத்தனாசியுஸிடம் ‘எங்களுக்கு ஓர் ஆயரை அனுப்புங்கள்’ என்று கேட்டார். உன்னைவிடத் தகுந்தவர் யார் என்று சொல்லி, அத்தனாசியுஸ் அவரையே ஆயராக்கி அனுப்பினார். எத்தியோப்பியர்கள் அவரை அப்பா சலாமா என்று அழைக்கிறார்கள். ‘அமைதியின் தந்தை’ என்று பொருள்.

அன்று தொடங்கிய வழக்கம் கிட்டத்தட்ட 1,600 ஆண்டுகள் நீடித்தது. எத்தியோப்பியத் திருச்சபையின் தலைமை ஆயர் எகிப்திலிருந்து, காப்டிக் தலைமைப் பீடத்திலிருந்து வரும் எகிப்தியராகவே இருப்பார். ஒருவர் இறந்தால் அரசன் தூதர்களை அனுப்பி, பரிசுகள் கொடுத்து, அடுத்தவரைக் கேட்டு வாங்க வேண்டும். சில சமயம் ஆண்டுக்கணக்கில் யாரும் வராமல் பீடம் காலியாகக் கிடக்கும். ஆயர் இல்லாவிட்டால் புதிய குருக்களை ஏற்படுத்தும் திருநிலைப்பாட்டுச் சடங்கு கிடையாது. நாடே காத்துக்கிடக்கும். வருகிறவருக்கு ஊர்மொழியும் தெரியாது. இந்த நிலை முழுமையாக முடிவுக்கு வந்தது 1959இல், பசிலியோஸ் எத்தியோப்பியாவின் முதல் தேசியத் தலைமைப் பிதாவாகப் பொறுப்பேற்றபோது. 

புத்தகங்களும் அதே பாதையில்தான் வந்தன. அக்சும் காலத்தில் விவிலியமும் மற்ற சமய நூல்களும் கிரேக்கத்திலிருந்து கீஸுக்கு மொழிபெயர்க்கப்பட்டன. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. 13, 14ஆம் நூற்றாண்டு வாக்கில் இரண்டாவது அலை எழுந்தது. அதற்குள் எகிப்தியக் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் காப்டிக்கை வைத்துக்கொண்டு, எழுத்துக்கு அரபுக்கு மாறிவிட்டார்கள். அதனால் புனிதர் வரலாறுகளும் சபைச் சட்டங்களும் காப்டிக் சபையிலிருந்து அரபு வழியாகக் கீஸுக்கு வந்தன. எத்தியோப்பிய அரசர்கள் பெரிதும் மதித்த ‘ஃபெத்தா நகஸ்த்’ என்ற சட்டநூல்கூட 13ஆம் நூற்றாண்டு காப்டிக் அறிஞர் ஒருவர் அரபியில் தொகுத்ததன் மொழிபெயர்ப்புதான். நாட்காட்டியும் அப்படியே. 30 நாள் கொண்ட 12 மாதங்கள், கடைசியில் 5 அல்லது 6 நாள் மட்டும் உள்ள 13ஆவது மாதம். எத்தியோப்பியப் புத்தாண்டும் காப்டிக் புத்தாண்டும் இன்றும் ஒரே நாளில், செப்டம்பர் 11இல் வருகின்றன. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 12இல். ஆண்டின் எண்ணும் மாதங்களின் பெயர்களும்தான் வேறு. ஆகவே ஒரு கீஸ் சுவடியைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதன் பின்னால் ஓர் அரபுப் பிரதியும், அதன் பின்னால் ஒரு காப்டிக் பிரதியும், அதற்கும் பின்னால் ஒரு கிரேக்க மூலமும் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பேசுவது இதனால்தான்.

கேத்தாச்சௌவின் வாழ்க்கையே இந்தப் பாதையில் போயிருக்கிறது. 1931 ஏப்ரல் 19 அன்று எத்தியோப்பியாவின் ஷெவா பகுதியில் உள்ள ஷென்கோராவில் பிறந்தார். கோயில் படிப்பு, பிறகு அடிஸ் அபாபா. அங்கிருந்து கெய்ரோ. 1957இல் காப்டிக் இறையியல் கல்லூரியில் இறையியல் பட்டம், அதே ஆண்டில் கெய்ரோவின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு பட்டம். அவர் அங்கே மாணவராக இருந்த அந்த ஆண்டுகளில்தான் இரண்டு சபைகளுக்கும் இடையே தலைமை பற்றிய பேச்சுவார்த்தைகள் நடந்துகொண்டிருந்தன. அரபும் காப்டிக் மரபும் அவருக்கு நூலகத்துக் கல்வியாக வரவில்லை, அந்தச் சபையோடு கூடவே வாழ்ந்து வந்தது. பிறகு ஜெர்மனியின் டூபிங்கன். 1962இல் செமிட்டிக் மொழியியலில் முனைவர் பட்டம். ஊர் திரும்பி, அடிஸ் அபாபாவின் ஹைலே செலாசி பல்கலைக்கழகத்தில் எத்தியோப்பிய மொழிகளும் இலக்கியமும் கற்பித்தார்.

1974இல் அரசர் கவிழ்ந்தார். தெர்க் என்ற ராணுவக் குழு ஆட்சியைப் பிடித்தது. அந்த நேரத்தில் அமைந்த அவையில் ஷெவாவின் பிரதிநிதியாக இருந்த கேத்தாச்சௌ, ஆட்சி மக்கள் கைக்குப் போக வேண்டும் என்ற பக்கம் நின்றார். 1975 அக்டோபரில் அவரைக் கைது செய்ய வீட்டுக்கு வீரர்கள் வந்தார்கள். அவர் பணியவில்லை. துப்பாக்கிச் சண்டை நடந்தது. குண்டு முதுகுத்தண்டில் பாய்ந்தது. அதற்குப் பிறகு அவர் நடக்கவே இல்லை. 44 வயது. மீதி 45 ஆண்டுகளும் சக்கர நாற்காலியில்தான். இன்று நாம் கையில் எடுக்கும் அவருடைய நூல்களில் பெரும்பகுதி அந்த 45 ஆண்டுகளில் எழுதப்பட்டவை.

1976இல் குடும்பத்தோடு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார். காலேஜ்வில் என்ற சிறிய இடம்; அங்கே பெனடிக்டைன் துறவிகளின் மடமும் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து பாறையாகிவிடும் ஊர். ஷென்கோராவின் மலைக்காற்றில் வளர்ந்தவருக்கு அது எப்படிப்பட்ட குளிராக இருந்திருக்கும்!

ஏன் அந்த ஊர்? இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் மோந்தே கசினோ மடம் குண்டுவீச்சில் நொறுங்கியதைப் பார்த்த துறவிகள், இன்னொரு போர் வந்தால் ஐரோப்பிய மடங்களின் சுவடிகள் எல்லாம் சாம்பலாகிவிடுமே என்று பயந்தார்கள். அதனால் 1965இல் சுவடிகளை மைக்ரோஃபிலிமில் படமெடுக்கத் தொடங்கினார்கள். அதுதான் இன்று ஹில் சுவடி நூலகம் என்று அழைக்கப்படுகிறது. 1973இல் எத்தியோப்பியத் திருச்சபையோடு சேர்ந்து அந்த நாட்டுச் சுவடிகளையும் படமெடுக்க ஆரம்பித்தார்கள். எத்தியோப்பியச் சுவடி மைக்ரோஃபிலிம் நூலகம் என்று பெயர்; ஆங்கிலச் சுருக்கத்தில் இ.எம்.எம்.எல். என்று சொல்வார்கள். ஒரு பிரதி அடிஸ் அபாபாவில், இன்னொரு பிரதி மினசோட்டாவில். அடுத்த ஆண்டே புரட்சி வந்தும் வேலை நிற்கவில்லை. கடைசியில் சுமார் 9,000 சுவடிகள் படச்சுருளில் ஏறின. நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட அறிஞர் ஒருவர் இருந்த இடத்துக்கு நாட்டின் புத்தகங்களே சுருள் சுருளாக வந்து சேர்ந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

அவருடைய அன்றாட வேலை இந்தச் சுவடிகளுக்கு விவர அட்டவணை தயாரிப்பது. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் அது என்ன வேலை என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் எழுத்து. கீஸ் எழுத்தில் 26 அடிப்படை எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் 7 வடிவம். நம் க, கா, கி, கீ வரிசையைப் போல உயிருக்கு உயிர் எழுத்தின் கையும் காலும் மாறும். இடமிருந்து வலமாக எழுதுவார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு மேலும் கீழுமாக இரண்டு புள்ளி, வாக்கியம் முடிந்தால் நான்கு புள்ளி. எண்களோ கிரேக்க எழுத்துகளிலிருந்து பிறந்தவை. இதில் ஒரு சிக்கல். பழைய கீஸில் ‘ஹ’ போன்ற ஒலிக்கு மூன்று வேறு எழுத்துகள் இருந்தன. பிற்காலத்தில், இன்றும் எத்தியோப்பியாவில் பரவலாக வழங்கும் அம்ஹாரிக் மொழி பேசும் எழுத்தரின் வாயில் மூன்றும் ஒன்றாகிவிட்டன. அதனால் எந்த எழுத்தைப் போடுவது என்று தெரியாமல் மாற்றி மாற்றி எழுதிவைப்பார்கள். ண, ன குழப்பத்தில் தடுமாறி எழுதிய ஓலைச்சுவடியைப் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை புரியும். ஒரே சொல் மூன்று கோலத்தில் வரும். எது சரியான சொல் என்பதை மொழி தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

அப்புறம் சுவடி. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, மடித்துத் தைத்து, மரப்பலகையில் கட்டியிருப்பார்கள். கரி மையில் கறுப்பு எழுத்து. மரியாளின் பெயர், புனிதர்களின் பெயர், தொடக்க வரிகள் எல்லாம் சிவப்பில். முதல் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் ‘பஸெம அப் வவல்த் வமன்ஃபஸ் கெதுஸ்’ என்று வரும். ‘தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால்’ என்று அர்த்தம். அட்டவணை எழுதுகிறவர் எத்தனை ஏடு, எத்தனை பத்தி, எந்தக் காலத்துக் கையெழுத்து, உள்ளே என்னென்ன நூல்கள், ஒவ்வொன்றும் எந்த ஏட்டில் தொடங்கி எதில் முடிகிறது, முதல் வரி என்ன என்று எல்லாம் குறிக்க வேண்டும். அதோடு ஓரத்தில் பிற்காலத்தவர் கிறுக்கியவை. ஒரு நிலதானம், ஒரு கடன், ஒரு ராஜாவின் வருகை. உடைமையாளர் பெயரைச் சுரண்டிவிட்டு மேலே இன்னொருவர் பெயரை எழுதியிருப்பார்கள். ‘இந்தப் புத்தகத்தைத் திருடுபவனும் அழிப்பவனும் பேதுரு, பவுல் அதிகாரத்தால் சபிக்கப்படட்டும்’ என்ற சாபம் இருக்கும். பல சமயம் வரலாறு அந்த ஓரங்களில்தான் ஒளிந்திருக்கிறது.

காலத்தைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. எத்தியோப்பிய எழுத்தர் ‘மத்தேயு ஆண்டில் எழுதினேன்’ என்று குறித்திருப்பார். நான்கு நற்செய்தியாளர் பெயரிலும் ஆண்டுகள் சுழன்று வரும். லூக்கா ஆண்டின் கடைசியில்தான் அந்தக் கூடுதல் நாள். சிலர் ‘இரக்கத்தின் ஆண்டு’ என்று ஒரு கணக்கு வைப்பார்கள். அது 532 ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் 1இலிருந்து தொடங்கும். சூரியனின் 28 ஆண்டுச் சுற்றையும் நிலவின் 19 ஆண்டுச் சுற்றையும் பெருக்கினால் வருவது 532. உயிர்த்த ஞாயிறு எந்த நாளில் வரும் என்ற கணக்கிலிருந்து பிறந்த எண் இது. இந்தக் கணக்கின் வேரும் அலெக்சாந்திரியாதான். கேத்தாச்சௌ பின்னாளில் இந்தக் காலக்கணக்கு முழுவதையும் விளக்கி ‘பஹ்ரெ ஹசாப்’ என்ற நூலை அம்ஹாரிக் மொழியில் எழுதினார். அறிஞர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல் ஊர்மக்கள் படிக்கும் மொழியில் எழுதியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அட்டவணை 10 தொகுதிகளாக வந்தது. முதல் மூன்றையும் வில்லியம் மக்கோம்பர் என்ற அமெரிக்க அறிஞர் செய்தார். இவர் பின்னாளில் கெய்ரோ காப்டிக் அருங்காட்சியகச் சுவடிகளுக்கும் பட்டியல் போட்டவர். காப்டிக், எத்தியோப்பியம் இரண்டையும் கையாண்ட இன்னொரு பெரிய உழைப்பாளி. நான்காவது தொகுதியிலிருந்து கேத்தாச்சௌ வருகிறார், சில தொகுதிகளில் மக்கோம்பரோடு, பலவற்றில் தனியாக. 1993இல் பத்தாவது தொகுதி வந்தபோது எண் 5,000 ஆகியிருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு முழுப் புத்தகம். சில எண்களுக்குப் பின்னால் 30, 40 நூல்கள்.

இந்தச் சுருள்களில் எண் 1763 என்று ஒன்று. ஹைக் ஏரித் தீவின் புனித எஸ்திஃபானோஸ் மடத்துச் சுவடி, 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்டது. திருநாள்களில் வாசிக்கும் பிரசங்கங்களின் தொகுப்பு. ஆனால் கேத்தாச்சௌ அதைத் திறந்து வரிவரியாகப் படித்தபோது, அக்சும் காலத்தின் குரல்கள் சில அதில் கேட்டன. 84ஆவது ஏட்டின் பின்பக்கத்தில் தொடங்கி 86ஆவதில் முடியும் ஒரு சிறு பிரசங்கம், நான் மேலே சொன்ன ஃப்ருமென்தியுஸின் திருநாளுக்கானது. அதை 1979இல் பதிப்பித்தார். லுலியானோஸ் என்ற அக்சும் ஆயரின் பிரசங்கத்தை 1985இல் பதிப்பித்தார். இப்படி ஓர் ஆயர் இருந்தார் என்பதே அந்த ஏடுகளால்தான் தெரிகிறது. எத்தியோப்பியத் திருச்சபையின் முதல் நூற்றாண்டுகளைப் பற்றி நமக்கு இருப்பவை பெரும்பாலும் கல்வெட்டுகளும் வெளிநாட்டார் குறிப்புகளும்தான். அந்த வெறுமையில் உள்ளூர் ஆயர் ஒருவர் தன் சொந்த மக்களைப் பார்த்துப் பேசும் சில பக்கங்கள் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் அவருடைய பணிகளில் எனக்கு மிகவும் பிடித்தது எஸ்திஃபானோஸியர்களைப் பற்றியது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

15ஆம் நூற்றாண்டில் வடக்கே திக்ராயில் எஸ்திஃபானோஸ் என்ற துறவி இருந்தார். துறவிகள் தங்கள் கையால் உழைத்துச் சாப்பிட வேண்டும், அரசனின் தயவில் வாழக் கூடாது என்றார். தந்தை, மகன், தூய ஆவி என மூவராக இருக்கும் ஒரே கடவுளைத் தவிர வேறு யார் முன்னும் தரையில் விழுந்து வணங்க மாட்டேன் என்றார். அரசன் முன்னும் விழமாட்டேன் என்பதுதான் இதன் விளைவு. அப்போது நாட்டை ஆண்டுகொண்டிருந்தவர் சர்வ வல்லமை கொண்ட பேரரசர் செரா யாக்கோப், 1434 முதல் 1468 வரை. மரியாளின் மேல் பெரும் பக்தி கொண்டவர். அவளுடைய திருநாள்களையும் அற்புதங்களின் வாசிப்பையும் நாடு முழுவதும் கட்டாயமாக்கியவர். எஸ்திஃபானோஸும் சீடர்களும் மரியாளையும் சிலுவையையும் அவமதிக்கிறார்கள் என்று குற்றம் சாட்டினார். எஸ்திஃபானோஸ் காவலில் இறந்தார். சீடர்களுக்குச் சாட்டையடி, மூக்கறுப்பு, நாக்கறுப்பு, கல்லெறி. ஆனாலும் அந்தக் கூட்டம் அழியவில்லை. குந்தா குந்தே என்ற மலைமடத்தில் ஒளிந்து வாழ்ந்து, தங்கள் கதைகளைத் தோலில் எழுதிவைத்தார்கள். மரியாளை அவமதித்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட அதே மடம்தான் பிற்காலத்தில் மிக அழகான ஓவியச் சுவடிகளைத் தந்தது.

கேத்தாச்சௌ இந்தத் துறவிகளின் வரலாறுகளைக் கீஸில் பதிப்பித்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதற்கு முன்பே, 2004இல், ‘தெகிக்கெ எஸ்திஃபானோஸ்’ என்ற பெயரில் அம்ஹாரிக்கில் கொண்டுவந்தார். ‘எஸ்திஃபானோஸின் பிள்ளைகள்’ என்று பொருள். பல நூற்றாண்டுகளாக மத விரோதிகள் என்ற ஒரு சொல்லில் முடித்துவைக்கப்பட்டவர்கள், சாதாரண எத்தியோப்பிய வாசகருக்கு முன்னால் தங்கள் வாயாலேயே பேசினார்கள். அவர்களை ஒடுக்கிய பேரரசர் செரா யாக்கோபின் நூலையும் கேத்தாச்சௌவேதான் பதிப்பித்தார், 1991இல். அடுத்த ஆண்டு அந்தப் பேரரசரின் மரியாள் பக்தியைப் பற்றித் தனியாக ஒரு நூல். அடித்தவர் எழுதியதும் அடிபட்டவர் எழுதியதும் ஒரே மேசையில், ஒரே கவனத்தோடு. பேரரசரின் இறையியலை அவர் கேலி செய்யவில்லை, துறவிகளின் பிடிவாதத்தைப் புனிதமாக்கவும் இல்லை. ஆயுதத்தோடு வீட்டுக்கு வந்த அரசை நேரில் கண்டவர், ஓர் அரசனின் சொற்களுக்கு இவ்வளவு நேர்மையாக இடம் கொடுத்திருக்கிறார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இன்னொரு சம்பவமும் அதே குணத்தைக் காட்டும். ‘ஹதாத்தா’ என்று ஒரு தத்துவ நூல் இருக்கிறது. மேலே சொன்ன பேரரசரின் பெயரே கொண்ட, ஆனால் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஓர் அக்சும் சிந்தனையாளரின் நூல். மதங்களின் பேச்சைவிட மனிதனின் அறிவை நம்பு என்பது அதன் சாரம். ஆப்பிரிக்கத் தத்துவத்தின் பெருமையாக அதைப் பலர் கொண்டாடுகிறார்கள். ஆனால் அதை 1850களில் முதலில் ஐரோப்பாவுக்கு அனுப்பியவர் ஜூஸ்தோ தா உர்பினோ என்ற இத்தாலியத் துறவி. 1920இல் கார்லோ கோந்தி ரோசினி, இது அந்த இத்தாலியரே எழுதிய போலி என்று வாதிட்டார். சண்டை இன்றுவரை ஓயவில்லை. கேத்தாச்சௌவும் நெடுநாள் போலி என்ற பக்கமே இருந்தார். பிறகு மீண்டும் மூலத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். 2017இல், 86 வயதில், தன் கருத்தை மாற்றிக்கொண்டு எழுதினார்: இதன் அடியில் உண்மையான ஓர் எத்தியோப்பியரின் எழுத்து இருக்கிறது, வெளியிலிருந்து சிலவற்றைச் சேர்த்திருக்கிறார்கள் என்று. அவர் சொன்னதை ஏற்காதவர்கள் உண்டு. எனக்கும் அந்த விவாதம் முடிந்துவிட்டதாகத் தோன்றவில்லை. ஆனால் அந்த வயதில், அந்தப் புகழோடு, முன்பு சொன்னதைத் திரும்பப் பெற எத்தனை பேருக்கு மனம் வரும்?

புகழ் என்று சொன்னேன். 1987இல் பிரிட்டிஷ் அகாதமி அவரைத் தன் வெளிநாட்டு உறுப்பினராக்கியது. 1988இல் அமெரிக்காவின் மக்ஆர்தர் நிதிநல்கை கிடைத்தது. இதற்கு மேல் விருதுப் பட்டியல் போட எனக்கு ஆர்வமில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அரபு, கீஸ், அம்ஹாரிக், ஜெர்மன், ஆங்கிலம் எல்லாவற்றிலும் புழங்கியவர், அம்ஹாரிக்கில் எழுதுவதைக் கடைசிவரை விடவே இல்லை. தன் வாழ்க்கைக் கதையையும் அந்த மொழியில்தான் எழுதினார். சிறுமியாக அகதியாகப் போன அவர் மகள் ரெபெக்கா, வளர்ந்தபின் எத்தியோப்பியாவுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்ததைப் பற்றி 2007இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். அப்பாவின் கதையை ஒரு பிள்ளையின் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் அதைப் படிக்கலாம்.

2021 ஜூன் 10 அன்று நியூயார்க்கில் காலமானார். 90 வயது. அட்டவணையில் 5,000க்குப் பிறகு வரும் எண்களை இப்போது அடுத்த தலைமுறையினர் விவரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் மினசோட்டாவில் உட்கார்ந்து படித்த சுருள்கள் பலவும் எண்ம வடிவில் அந்த நூலகத்தின் இணைய வாசிப்பறையில் இருக்கின்றன. இலவசமாகப் பதிவு செய்துகொண்டு யாரும் பார்க்கலாம். தேடும் இடத்தில் 1763 என்ற எண்ணைக் கொடுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 84ஆவது ஏட்டின் பின்பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அந்த இரண்டு புள்ளிகள் தெரியும். ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன்னால் ஹைக் ஏரியின் நடுவே இருந்த மடத்துச் சுவடி அது.